நாங்கள் நட்ட பனங்காட்டை ஊர் அவித்துத் தின்றது

2023 பொங்கலுக்கு முந்தின நாள். உடன்குடிக் கடைத்தெருவில் கரும்பும் மஞ்சள்குலையும் பனங்கிழங்குமாகக் கால் வைக்க இடமில்லை. அத்தை ஒரு கிழங்குக் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்துக் கிழங்கு?" என்று கேட்டார். விற்ற அம்மா எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். "குளத்தங்கரையில தோண்டினது. மாவா இருக்கும், கொண்டுபோங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பையை அத்தை கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே குளத்துக்குப் போனேன். கரை முழுக்க வரிசையாகப் பள்ளம். பத்தடிக்கு ஒன்று, கணக்குத் தப்பாமல். நட்ட அன்றைக்கு நாங்கள் பிடித்த கயிறு எவ்வளவு நேராக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆயிரத்து ஐந்நூறு பனங்கொட்டை. நான்கு மாதத்துக்கு முன்னால் நானும் என் பள்ளிப் பிள்ளைகள் ஐம்பது பேரும் ஒரே நாளில் ஊன்றியது. மரமாக வேண்டியது, பொங்கலுக்கு மஞ்சள்பொடி போட்டு அவித்து, மிளகும் உப்பும் தொட்டுச் சாப்பிடப்பட்டுவிட்டது. நாங்களும் சாப்பிட்டோம். அத்தை நான் கிளம்பிய பிறகு இரண்டு கட்டு வாங்கியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, மாவாகத்தான் இருந்தது.

நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவள். எங்களுக்குத் தென்னைதான் மரம். பனை என்பது பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஒன்று. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து பத்து வருஷம் ஆகியும், சுற்றிலும் செம்மணல் மேடுகளான தேரியும் பனையுமாக இருந்தும், அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 2022 மாசியில் ஒரு காலை, பக்கத்து விளையில் (பனந்தோப்பில்) ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு இறக்கியது. பட்டையின் பச்சை வாசமும் சுண்ணாம்பு வாடையும் கலந்து ஒரு இனிப்பு. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அடுத்த ஆறு மாதம் வீட்டில் பனையைத் தவிர வேறு பேச்சில்லை. என் வீட்டுக்காரர், "இன்னிக்குப் பனையில என்ன புதுசு?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அந்தச் சமயத்தில் காற்றும் அந்தப் பக்கம் அடித்தது. 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று முதல்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும், 76 லட்சம் பனை விதை கொடுப்போம் என்றும் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பனை விதை நடும் விழாதான். நாங்களும் புரட்டாசியில் ஒரு நாள் குறித்தோம். பச்சைத் தொப்பி, பேனர், மிக்சர் பொட்டலம், போட்டோ. மைக் பிடித்து நான் பேசியதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பனைக்கு எண்ணூற்று ஒன்று பயன் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதில் பாதியையாவது அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

கரையின் கடைசியில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வருஷம் பனையேறியவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"டீச்சர், இம்புட்டும் முளைச்சு வந்தா யாரு ஏறுவா?"

நான் நிலத்தடி நீர், மண் அரிப்பு, பருவநிலை என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். கேட்டுக்கொண்டார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொங்கல் கழிந்து அவர் வீட்டைத் தேடிப் போனது, அழாத குறையாக முறையிடுவதற்குத்தான். அவர் சிரித்தார். "பனங்கொட்டைய மண்ணுல ஊனினா கிழங்குக்குன்னுதான் ஊரு நினைக்கும். மரத்துக்குன்னு நீங்க யாருகிட்ட சொன்னிய? பிள்ளைகளுக்குத்தான சொன்னிய? தோண்டுனவன் உங்க கூட்டத்துக்கு வந்தானா?" கொஞ்சம் நிறுத்தி, "நானும் ரெண்டு கட்டு வாங்கித்தான் அவிச்சேன்" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் ஆறு மாதப் படிப்பும் போய்விட்டது. குளத்தங்கரை ஊருக்குப் பொது. ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஊரே கிழங்காகப் பார்க்கும் ஒன்றை, ஊர் நடக்கும் வழியில், கயிறு பிடித்து அடையாளமும் வைத்து ஊன்றிவிட்டு வந்திருக்கிறோம். யாரும் திருடவில்லை. எங்கள் ஆர்வம் அத்தனையும் எங்களைப் பார்த்தே இருந்தது, அவ்வளவுதான்.

அவர் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். நெஞ்சின் இரண்டு பக்கமும் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. முன்கை உள்பக்கமும் அப்படியே. மரத்தை அணைத்து அணைத்து ஏறிய காய்ப்பு. நிறுத்தி எட்டு வருஷம் ஆகியும் போகவில்லை. பருவத்தில் நாளைக்கு முப்பது, நாற்பது மரம், காலையும் மாலையும். ஒவ்வொரு மரத்திலும் பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, இறங்கி, அடுத்த மரம். இரண்டு மகன்களும் சென்னையில் மளிகைக்கடை. "பனை ஏறுதவன் பிள்ளை பனை ஏறக்கூடாதுன்னுதான் அவங்கள அனுப்பினேன். நீங்க வந்து பிள்ளைகள்கிட்ட பனை பனைங்கிய." குரலில் கோபம் இல்லை. அதனால்தான் சுருக்கென்று பட்டது.

மரத்தில் ஏறாதவர்களுக்குப் பனை மேல் ஆசை சுலபமாக வந்துவிடுகிறது. எனக்கு வந்தது அந்த வகைதான். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அசட்டு ஆசையோடு நான் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்ததால்தான் அவர் பேச ஆரம்பித்தார். மூன்றாவது தடவை போனபோது, "இம்புட்டுக் கேள்வி என் மவன்கூட கேட்டதில்ல" என்றார். பிரசங்கம் பண்ணும்போது "சரி" என்று போனவர், கேள்வி கேட்டதும் உள்ளே போய் அருவாப்பெட்டியையே எடுத்துவந்து திண்ணையில் கவிழ்த்துக் காட்டினார். பாளை அரிவாள், பாளையை இடுக்கும் கட்டை, சுண்ணாம்புக் குடுவை, தளைநார். எட்டு வருஷமாக யாரும் தொடாத அரிவாளில் துருவே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

அவரிடம் கற்றதை முதலில் எழுதிவிடுகிறேன். விதை ஊன்ற நினைக்கிறவர்களுக்கு உதவும்.

பழம் ஆடியிலிருந்து புரட்டாசி வரை உதிரும். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை. சதையைப் பிய்த்து எறியும் வேலையெல்லாம் வேண்டாம், நிழலில் குவித்துவைத்தால் தானே அழுகிக் கழன்றுவிடும். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட வேண்டும். குழி ஒரு முழம். அந்த ஆழத்துக்கும் மண்ணை இளக்கி மறுபடி நிரப்பி, கொட்டையை மேலாக வைத்து நான்கு விரல் மண் மூடினால் போதும். கொட்டையை அடியில் போட்டுப் புதைக்கக்கூடாது. நாங்கள் முதல் வருஷம் அதைத்தான் செய்தோம்.

ஏன் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. "மாசம் ஒண்ணு தோண்டிப் பாருங்க" என்றார். பனை விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய யோசனை அதுதான். 2023 புரட்டாசியில் இரண்டாம் தடவை ஊன்றியபோது, கரையில் நானூறு கொட்டை மட்டும் வைத்தோம். பள்ளி மதில் ஓரமாகப் பொடிமண் கொட்டி உயரமாக ஒரு பாத்தி கட்டி, அதில் நெருக்கமாக இருநூறு. அந்தப் பாத்தி தோண்டிப் பார்ப்பதற்கும் தின்பதற்கும் மட்டுமே.

முதல் மாதம் தோண்டியபோது கொட்டையிலிருந்து எலிவால் மாதிரி வெள்ளையாக ஒன்று இறங்கியிருந்தது. பிள்ளைகள் வேர் என்றார்கள். வேர் இல்லை. கொட்டைக்குள் இருக்கிற முளை, அந்தக் குழாயின் நுனியில் உட்கார்ந்து கீழே இறங்கிப் போகிறது. அடுத்த மாதம் இன்னும் நீளம், நுனி கொஞ்சம் தடித்திருந்தது. கொட்டையை வெட்டினால், உள்ளே நுங்கு முற்றிக் கல்லான பருப்புக்கு நடுவில் பஞ்சு மாதிரி தவுண். இளநீரில் ஊறின பன் போல இருக்கும். மூன்றாம் மாதம் நுனியில் கிழங்கு உருவாகியிருந்தது. மேலே மண்ணில் ஒரு துளிர் கிடையாது. எல்லாம் கீழேயே நடக்கிறது. குழாய் இறங்க இளகின மண் வேண்டும் என்பதும், முளைத்த கொட்டையைப் பெயர்த்து வேறு இடத்தில் நடப் போனால் குழாய் அறுந்து எல்லாம் முடிந்துவிடும் என்பதும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. பனையை நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுவதுதான் நல்லது.

ஐம்பது பிள்ளைகள் முதல் வருஷம் வந்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, இரண்டாம் வருஷம் ஒன்பது பேர். அதில் ஒரு பையன் தவுணுக்காக மட்டுமே வந்தான். மாதாமாதம் தோண்டும் நாளை யாரும் அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, அவன்தான் எங்களுக்கு நினைவுபடுத்துவான். என்ன காரணத்துக்கு வந்தால் என்ன? கரையில் ஒவ்வொரு குழிக்கும் மேல் உடைமுள் வெட்டிப் போட்டு ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொண்டதும் அவன்தான்.

ஊருக்கும் இந்தத் தடவை சொல்லிவிட்டோம். மைக் இல்லாமல். அந்தப் பனையேறித் தாத்தா கோயில் நடையில் உட்கார்ந்து நான்கு பேரிடம் சொன்னார்: "கரையில இருக்குது மரத்துக்கு. கிழங்கு வேணும்னா பள்ளிக்கூடப் பாத்தியில கேளுங்க." நான் நோட்டீஸ் அடிக்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

2024 மாசியில்தான் பிள்ளைகளைக் குலசேகரன்பட்டினம் கூட்டிப்போனது. இந்தப் பக்கம் எல்லோருக்கும் குலசை என்றால் தசரா. மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, குறவன், குரங்கு என்று வேஷம் கட்டி, முத்தாரம்மனுக்குக் காணிக்கை வாங்கிக்கொண்டு வரும் கூட்டம். சூரசம்ஹாரம் அன்றைக்குக் கடற்கரை மணலே தெரியாது. மற்ற நாளில் போனால் அமைதியான ஊர். ஒரு காலத்தில் துறைமுகம் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பாண்டியன் குலசேகரன் பெயரைத் தாங்கிய பட்டினம். வடக்கே கொஞ்ச தூரத்தில் காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து, அரபு நாட்டிலிருந்து பாண்டியனுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குவதைப் பற்றி எழுதிவைத்த துறை. தெற்கே மணப்பாடு. 1542இல் பிரான்சிஸ் சேவியர் தங்கிய குகை அங்கே கடலோரப் பாறையில் இருக்கிறது. இந்தக் கரையில் அடுத்தடுத்துத் துறைதான்.

தாத்தாவும் கூட வந்தார். கடலைப் பார்த்து நின்றவர் திரும்பி, ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கன சீனி ஆலை இருந்துச்சு. பாரி கம்பெனி. எங்கப்பா கருப்பட்டி சுமந்து கொண்டுபோய்ப் போட்டிருக்காவ."

பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு வாய் பிளந்துவிட்டது. பனங்கருப்பட்டியைச் சுத்தம் செய்து வெள்ளைச் சர்க்கரை ஆக்கும் ஆலை. அதற்குக் கருப்பட்டி வந்து சேர, திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரைக்கும் ஒரு குட்டி ரயிலே ஓடியிருக்கிறது. தண்டவாளம் இரண்டடி அகலம்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது, 1940இல் நின்றுவிட்டது. இன்றைக்கு உடன்குடியில் பஸ்ஸுக்கு நிற்கும் யாரிடமாவது இந்த ஊரில் ரயில் ஓடியது என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஓடியது. அதை ஓட வைத்ததே பதநீர்தான்.

அதே மாசியில், பிப்ரவரி 28ஆம் தேதிதான் குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். குலசையிலிருந்து தெற்கே நேராக விடலாம், எதிரே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு மணலில் கோடு போட்டுக் காட்டினேன். தவுண் பையன், "அப்ப மறுபடியும் துறைமுகமா டீச்சர்?" என்றான். தாத்தா முந்திக்கொண்டு, "ஆமா. ஆனா இதுல கருப்பட்டி ஏத்த மாட்டாவ" என்றார்.

வரும் வழியில் அவரே, "விடிலி பாத்திருக்கியளா?" என்று கேட்டார். அவராக எதையாவது காட்டுகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் தங்கை மகன் இன்னும் ஏறுகிறார். அந்த மருமகனின் மனைவி விடிலியில், பதநீரைக் கருப்பட்டியாக்கும் குடிசையில், காய்ச்சுகிறார். தொழிலில் மரம் ஏறுவது மட்டும்தான் வெளியில் தெரிகிறது. அடுப்பு முன்னால் மணிக்கணக்காக நிற்கிறவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஓலை வேய்ந்த குடிசை, தாழ்வான வாசல், உள்ளே நெருப்பும் புகையும். காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமரமும்தான் விறகு. பதநீரைத் தெளியவைத்து வடிகட்டி, சுண்ணாம்பு அடியில் தங்கிவிட, மேலே நிற்பதைப் பெரிய தாச்சியில் ஊற்றுகிறார்கள். கொதிக்கிறபோது நுரை கட்டிப் பொங்கி வெளியே வரப் பார்க்கும். அப்போது அந்த அக்கா ஆமணக்கு முத்து ஒன்றை நசுக்கி உள்ளே போட்டார். ஒரே ஒரு முத்து. அத்தனை நுரையும் பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நிறம் மாற ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும். தேன் மாதிரி இருக்கும்போது அது கூப்பனி. இன்னும் காய்ந்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். அதுதான் பதம். உடனே இறக்கி, துடுப்பால் விடாமல் கிண்டி, மணலில் வரிசையாகப் பதித்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். பத்து லிட்டர் பதநீருக்குக் கிடைப்பது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

நான் கிண்டுகிறேன் என்று துடுப்பைக் கேட்டு வாங்கினேன். கொடுத்தார். இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் கிண்டினேன். அப்புறம் அந்தப் பாகு பொன்னிறமாகத் திரண்டு வருவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஒரு கையால் போனை எடுத்தேன். சரியாக வரவில்லை, இன்னொன்று எடுத்தேன். அதற்குள் அடிப்பிடித்து வாடை வந்துவிட்டது. எட்டு மரத்துப் பதநீர் கறுத்துக் கசந்து போயிற்று.

அந்த அக்கா திட்டவில்லை. தாச்சியை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, போட்டோ எடுக்கணும்னா போட்டோ எடுங்க. கிண்டணும்னா கிண்டுங்க" என்றார்.

அதற்குரிய பணத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்ற சம்பிரதாயமெல்லாம் இல்லை, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அதுதான் சரி. அதற்கப்புறம் பள்ளிக்கு யாராவது வந்து பனை பற்றி ஏதாவது செய்யலாம் என்று துள்ளினால், முதலில் விடிலிக்கு அனுப்பிவிடுகிறேன். போனை வாசலில் வைத்துவிட்டு.

கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, ஆனால் பெயரைப் போட்டு விற்பதெல்லாம் அதுவாகிவிடாது. சீனி கலந்ததை உடைத்தால் உள்ளே மினுமினுக்கும், கல் மாதிரி இருக்கும். நல்லது மங்கலாக இருக்கும், வாயில் மெதுவாகக் கரையும், கடைசியில் லேசாக உப்பு கரிக்கும். மழைக்காலத்தில் கசியும். கசிகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் வழக்கம் எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

விடிலிக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே வெள்ளம் வந்து போயிருந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் குளம் நிறைந்து, கரையின் வடக்குப் பக்கம் ஒரு துண்டை அரித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் ஊன்றிய நூற்றுச் சொச்சம் கொட்டையும் அதோடு போயின. தண்ணீர் வடிந்தபின் சேற்றில் நடந்து போனபோது, அரித்த இடத்தின் ஓரத்தில் பழைய பனை ஒன்று பாதி வேர் வெளியே தெரிய நின்றது. வேர் என்றால் ஆணிவேர் இல்லை. கயிறு கயிறாக, நூற்றுக்கணக்கில், மண்ணைப் பிடித்த பிடி விடாமல். முதல் வருஷம் மைக்கில் நான் "பனை கரையைக் காக்கும்" என்று சொன்னேன். அது எப்படி என்று கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. கரையில் ஒன்றுமே தெரியவில்லை. முள் மட்டும் கிடந்தது. ஒன்பது பிள்ளைகள் ஐந்தானார்கள். எனக்கே சந்தேகம் வந்து, ஒரு குழியைத் தோண்டிப் பார்த்துவிடலாமா என்று இரண்டு தடவை போய்த் திரும்பினேன். பள்ளிப் பாத்தியில் தோண்டிப் பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் அந்த வருஷமே விட்டிருப்போம். கீழே கிழங்கு இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க முடிந்ததால் ஓடியது. இப்படி மேலே எதுவும் தெரியாத வேலை எதை எடுத்தாலும், தோண்டிப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னப் பாத்தி தனியாகப் போட்டுவிடுங்கள். பெரியதை நோண்டாமல் இருக்க அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

2024 ஆனியில் ஒரு திங்கட்கிழமை, தவுண் பையன் பிரேயருக்கு வராமல் நேராக என் வகுப்புக்கு ஓடிவந்தான். கால் முழுக்கச் சேறு. "வந்துட்டு டீச்சர்." விசிறியெல்லாம் இல்லை. மடிந்த ஒற்றை ஓலை, ஈட்டி மாதிரி, ஒரு சாண் உயரம். அந்த வாரம் பதினேழு எண்ணினோம். புரட்டாசிக்குள் நூற்று நாற்பத்து மூன்று. சிலது ஆடு கடித்து மறுபடி வந்தன. இப்போது பிழைத்து நிற்பவை நூற்று இருபத்தெட்டு. இனி அவற்றுக்கு வடலி என்று பெயர். 1,500 ஊன்றி பூஜ்யம், 400 ஊன்றி 128.

பையனுக்கு ஒரே அவசரம். எது பருவப்பனை (பெண்மரம்), எது அலகுப்பனை (ஆண்மரம்) என்று தாத்தாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். நுங்கு பெண்மரத்தில்தானே. "பாளை விட்டாத்தான்டே தெரியும்" என்றார்.

"அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"பதினஞ்சு வருசம் ஆவும்."

பையன் விரல் விட்டு எண்ணினான். தனக்கு அப்போது இருபத்தெட்டு வயது என்றான். தாத்தாவுக்கு எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். அவர் அதைக் கவனித்துவிட்டு, "எனக்கு நுங்கு கடிக்கப் பல்லு ஏது?" என்றார்.

யார் ஏறுவார் என்ற அவர் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. சென்னையிலிருந்து வந்த மூத்த மகன் போன ஆடியில் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த மாதம் அங்கிருந்து போன் பண்ணி, வடலிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். தாத்தா இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். (ஊற்ற வேண்டியதில்லை.)

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் நான் கடைத்தெருவுக்குப் போகவில்லை. மாலையில் வாசலில் யாரோ கூப்பிடுவது கேட்டது. மூன்று வருஷம் முன்னால் உடன்குடியில் அத்தையிடம் கிழங்கு விற்ற அதே அம்மா. இடுப்பில் ஓலைப்பெட்டி, அதில் மண் ஒட்டிய கிழங்கு ஒரு கட்டு. திண்ணையில் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்:

"உங்க கரையில தோண்டல டீச்சர். எங்க வீட்டுப் பின்னால பாத்தி போட்டிருக்கோம்லா."